எலும்பை முப்பரிமாணத்துல பார்க்கணுமா? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழித்துணை

எலும்பு ஸ்கேன் பத்தி என்கிட்ட கேக்க வர்ற புது ஆளுங்கள்ல முக்காவாசி பேர் எடுத்ததும் கேக்குறது "எந்த சாஃப்ட்வேர் போடணும்"னு தான். நான் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேப்பேன், எலும்புல எதைப் பார்க்க வந்திருக்கீங்க, அது எவ்ளோ பெருசு? அதுக்கு பதில் வராது. ஏன்னா எலும்புன்னா எலும்பு தானே, அதுல என்ன அளவுன்னு நினைக்கிறாங்க. ஆனா எலும்புங்கறது ஒரு பொருள் இல்லங்க, பொருளுக்குள்ள பொருள், அதுக்குள்ள இன்னொரு பொருள்னு அடுக்கடுக்கா போற சமாச்சாரம், நீங்க எந்த அடுக்குல நிக்கிறீங்கன்னு முடிவு பண்ணாம மெஷின் பக்கம் போனீங்கன்னா அழகான படம் கெடைக்கும், பதில் கெடைக்காது. நானே அப்படி ஒரு வருஷம் ஓட்டியிருக்கேன். அதனால சாஃப்ட்வேர் கடைசியில, மொதல்ல கையால தொடுங்க.

படி 1: வினிகர் ஒண்ணு, நெருப்பு ஒண்ணு

கோழிக்கால் எலும்பு ரெண்டு எடுத்துக்கங்க, சதை, குருத்தெலும்பு எல்லாத்தையும் சுரண்டி நல்லா கழுவிடுங்க. ஒண்ண கண்ணாடி பாட்டில்ல போட்டு முழுகற அளவுக்கு சாதாரண வினிகர் ஊத்துங்க, ரெண்டு நாளுக்கு ஒரு தடவ வினிகர மாத்துங்க. பக்கத்துல இன்னொரு பாட்டில்ல ஒரு முட்டையும் போட்டு வைங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன். ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு எடுத்தா எலும்பு பார்க்க அதே வடிவம் தான், மேடு பள்ளம் கூட மாறியிருக்காது, ஆனா ரெண்டு முனையையும் புடிச்சு அழுத்துனா ரப்பர் மாதிரி வளையும். மெல்லிசான எலும்புன்னா முடிச்சே போடலாம். அமிலம் கால்சியம் பாஸ்பேட்ட கரைச்சு எடுத்துட்டு போயிடுச்சு, மிச்சம் இருக்கறது கொலாஜன்ங்கற நார்ப் புரதம்.

இன்னொரு எலும்ப வெளியில காத்தோட்டமான எடத்துல நெருப்புல நல்லா சுடுங்க (வீட்டுக்குள்ள வேணாம், அந்த நாத்தம் போகாது, கண்ணாடி போட்டுக்கங்க, வெடிச்சு தெறிக்கும்). மொதல்ல கறுப்பாகும், அது கொலாஜன் கருகுறது. அப்புறம் சாம்பல் நெறம், ரொம்ப நேரம் சூடு குடுத்தா வெள்ளை. ஆறுனதும் எடுத்து விரலால லேசா அழுத்துங்க, சாக்பீஸ் மாதிரி பொடிஞ்சிடும். இதுலயும் வடிவம் அப்படியே தான் இருக்கும்!

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. மினரல எடுத்தாலும் வடிவம் நிக்குது, கொலாஜன எடுத்தாலும் வடிவம் நிக்குது. அப்ப ரெண்டும் தனித்தனி எடத்துல ஒட்டிட்டு இல்ல, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கடைசி வரைக்கும் பின்னிக்கிட்டு இருக்கு. எடையில பார்த்தா சுமார் 65 சதவீதம் மினரல், கால்வாசிக்கு கொஞ்சம் கம்மியா கொலாஜனும் மத்த புரதங்களும், மீதி தண்ணி. தண்ணிய எல்லாரும் மறந்துடுவாங்க, அது பின்னாடி நம்ம ஸ்கேன்ல வந்து பழிவாங்கும்.

முட்டை என்னாச்சு? போட்ட உடனேயே நுரை நுரையா குமிழ் வந்திருக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல ஓடு மொத்தமா காணாம போயி வெறும் சவ்வு தான் இருக்கும். ஏன்னா முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்க கால்சியம் கார்பனேட், அதுக்குள்ள தாங்கிப் புடிக்கிற புரதம் ரொம்ப கம்மி. எலும்புல இருக்கறது கார்பனேட் கொஞ்சம் கலந்த அபடைட்ங்கற பாஸ்பேட். ரெண்டையும் "கால்சியம்"னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு போறோம், ஆனா கட்டுமானம் வேற வேற.

படி 2: அறுத்துப் பாருங்க, ஆனா அறுத்தத நம்பாதீங்க

அடுத்து ஒரு பெரிய எலும்பு வேணும், மாட்டுத் தொடையெலும்போட முட்டிப் பக்கம் கெடைச்சா நல்லது. நீளவாக்குல ரம்பத்தால அறுத்து, மஜ்ஜைய வெந்நீர், பாத்திரம் கழுவுற சோப்பு, பழைய டூத்பிரஷ் வச்சு பொறுமையா கழுவி எடுங்க. வேகமா தண்ணி பீச்சினா உள்ள சிக்கின கொழுப்பு வெளிய வரும். காய்ஞ்சதும் டார்ச் லைட்ட சாய்வா அடிச்சு பாருங்க. வெளிய கெட்டியான சுவர், நடுத்தண்டுல அது தடிமனா இருக்கும், முனைக்கு போகப் போக மெலிஞ்சு தாள் மாதிரி ஆயிடும், அந்த எடத்துல உள்ள பூரா சல்லடை. இந்த சல்லடை எலும்போட ஒவ்வொரு கம்பிக்கும் தகட்டுக்கும் டிரபெகுலான்னு பேர்.

டார்ச்ச மெதுவா சுத்தி சுத்தி அடிச்சா ஒண்ணு தெரியும், இந்த கம்பிகள் கண்டபடி இல்ல, வரிசை வரிசையா வளைஞ்சு போகுது. 1860-கள்ல ஸூரிச்ல ஹெர்மன் ஃபான் மேயர்னு ஒரு உடற்கூறு பேராசிரியர் தொடையெலும்பு தலைப்பகுதிய அறுத்து இந்த வரிகள காட்டிட்டு இருந்தப்ப, கார்ல் குல்மன்ங்கற இன்ஜினியர் அதைப் பார்த்துட்டு, வளைஞ்ச கிரேன்ல பாரம் போற கோடுகள் மாதிரியே இருக்கேன்னு சொன்னாராம். அதைப் புடிச்சிட்டு தான் ஜூலியஸ் வுல்ஃப் 1892-ல, பாரம் எப்படி விழுதோ அதுக்கேத்த மாதிரி எலும்பு தன்ன மாத்திக்கும்னு எழுதுனாரு. அவர் சொன்ன கணக்கு அப்படியே அச்சு அசலா சரின்னு இன்னிக்கு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா அடிப்படை நிக்குது.

இப்ப ஏன் இதை நம்பக்கூடாதுன்னு சொன்னேன்? அறுத்த முகத்துல ஒரு கோடு தெரியுதுன்னு வைங்க. அது ஒரு கம்பியோட பக்கவாட்டு முகமா, இல்ல ஒரு தகட்டோட வெட்டு முகமா? வெட்டுமுகத்துல ரெண்டும் கோடு தான். அதே மாதிரி ரெண்டு புள்ளி தனித்தனியா தெரிஞ்சா அது அரை மில்லிமீட்டர் கீழ போயி சேருதா, சேரவே இல்லையா? தெரியாது. பல வருஷமா ஆளுங்க மெல்லிசா ஒரு துண்ட வெட்டி மைக்ராஸ்கோப்ல பார்த்து, எல்லாம் தகடுன்னு ஒரு ஊகம் வச்சு தான் தடிமன கணக்கு போட்டாங்க. எலும்புல கம்பிகள் ஜாஸ்தி இருந்தா அந்த கணக்கு உதைக்கும். வயசாக ஆக தகடுகள் ஓட்டை விழுந்து கம்பிகளா மாறுறது தான் எலும்புத் தேய்மானத்துல நடக்குற முக்கிய விஷயத்துல ஒண்ணு, அதையே பார்க்க முடியாம போச்சுன்னா என்ன பிரயோஜனம். முப்பரிமாணம் வேணுங்கறது அழகுக்காக இல்லங்க, இதுக்காக தான்.

இந்த முட்டுக்கட்டைய ஒடச்சது கொஞ்சம் வேடிக்கையான எடத்துல இருந்து வந்துச்சு. ஃபோர்ட் கார் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்துல லீ ஃபெல்ட்காம்ப்னு ஒருத்தர் செராமிக் பாகங்கள்ல கீறல் இருக்கான்னு பார்க்க எக்ஸ்ரே ஸ்கேனர் ஒண்ணு கட்டுனாரு. கூம்பு மாதிரி விரியுற எக்ஸ்ரேவ வச்சு முப்பரிமாணப் படம் கணக்கு போடற வழிய 1984-ல வெளியிட்டாங்க, 1989-ல அதே முறையில எலும்புத் துண்டுகள ஸ்கேன் பண்ணி காட்டுனாங்க. இன்னிக்கு மேசை மேல ஒக்காந்திருக்கற மைக்ரோ சிடி (ஆஸ்பத்திரி சிடி ஸ்கேன் மாதிரியே, ஆனா ரொம்ப நுணுக்கமா பார்க்கறது) மெஷின்கள்ல பெரும்பாலும் ஓடறது அந்தக் கணக்கு தான்.

படி 3: எந்த அடுக்குல நிக்கிறீங்க?

இது தான் முக்கியமான படி, இதுல அவசரப்படாதீங்க. மேல இருந்து கீழ எறங்கி வருவோம்.

முழு எலும்பு, சென்டிமீட்டர் கணக்கு, ஆஸ்பத்திரி சிடி போதும். சல்லடை எலும்போட டிரபெகுலா மனுஷனுக்கு சுமார் 100-ல இருந்து 200 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தடிமன், எலிக்குஞ்சு சைஸ் ஜீவன்கள்ல 30, 50 மைக்ரான் தான். கெட்டி எலும்புக்குள்ள ஆஸ்டியான்னு உருளை உருளையா அடுக்கு இருக்கும், 200 மைக்ரான் சுத்தி அகலம், நடுவுல ரத்தக்குழாய் போற ஒரு வாய்க்கால், க்ளாப்டன் ஹேவர்ஸ்ங்கறவர் 1691-ல எழுதி வச்சதால அவர் பேர்லயே ஹேவர்சியன் கால்வாய்னு சொல்றோம். அந்த உருளை ஒவ்வொண்ணும் வெங்காயம் மாதிரி லேமெல்லாங்கற மெல்லிய சுத்து சுத்தா இருக்கும், ஒரு சுத்து சில மைக்ரான் தான். சுத்துகளுக்கு நடுவுல ஆஸ்டியோசைட்ங்கற செல் குடியிருக்கற குழி, 10, 20 மைக்ரான் நீளம், அந்தக் குழியில இருந்து நாலா பக்கமும் முடிய விட மெல்லிசான வாய்க்கால்கள் ஓடும், அதோட அகலம் அரை மைக்ரானுக்கும் கம்மி. வளர்ந்த மனுஷன் ஒடம்புல இந்த செல்கள் மட்டும் சுமார் 4,200 கோடி இருக்கும்னு 2015-ல ஒரு கணக்கு போட்டிருக்காங்க. எலும்ப செத்த கல்லுன்னு நினைக்கிறவங்களுக்கு இதை சொல்லுங்க.

அதுக்கும் கீழ கொலாஜன் நார். ஒரு மூலக்கூறு 300 நானோமீட்டர் (மைக்ரான்ல ஆயிரத்துல ஒரு பங்கு தான் ஒரு நானோமீட்டர்) நீளம், ஒன்றரை நானோமீட்டர் அகலம், மூணு இழை சேர்த்து முறுக்குன கயிறு. அந்த மூணு இழை முறுக்கு வடிவத்த 1954-ல முன்வச்சது மெட்ராஸ் யுனிவர்சிட்டில ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இந்த மூலக்கூறுகள் வரிசையா கொஞ்சம் தள்ளித் தள்ளி அடுக்கியிருக்கறதால 67 நானோமீட்டருக்கு ஒரு தடவ பட்டை பட்டையா தெரியும், அந்த இடைவெளிகள்லயும் நாருக்கு வெளியிலயும் அபடைட் தகடுகள், சில நானோமீட்டர் தான் தடிமன். 1998-ல வெய்னரும் வாக்னரும் எலும்ப 7 படியா பிரிச்சாங்க, 2018-ல ரெஸ்னிகோவ் குழு 12 படின்னு சொல்றாங்க. எண்ணிக்கைய மனப்பாடம் பண்ண வேணாம், உங்க கேள்வி எந்தப் படியில இருக்குன்னு மட்டும் ஒரு காகிதத்துல எழுதி ஒட்டி வச்சுக்கங்க.

ஏன்னா ஒரே மெஷின் எல்லாத்தையும் காட்டாது. சல்லடைக்கு மேசை மைக்ரோ சிடி. செல் குழிகளுக்கு ஒரு மைக்ரான், அதுக்கும் கீழ போற சிடி, பெரும்பாலும் சின்க்ரோட்ரான் (ரொம்ப பிரகாசமான எக்ஸ்ரே குடுக்கற பெரிய துகள் முடுக்கி) பக்கம் போகணும். நாரும் தகடும் பார்க்கணும்னா எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்போட அயான் கற்றையால சீவிச் சீவி படம் எடுக்கற முறை, அதுல நீங்க பார்க்குற மொத்த எலும்பே ஒரு முடி அகலம் கூட இருக்காது. சின்னதா பார்க்கப் பார்க்க பரப்பளவு சுருங்கும், இது மாறவே மாறாத பேரம்.

இன்னொரு பொறி, எலியோட கெட்டி எலும்புல ஆஸ்டியான் தேடாதீங்க, மனுஷனுக்கு இருக்கற மாதிரி அதுக்கு கெடையாது. நெறைய மீன்களோட எலும்புல செல் குழியே இருக்காது. பாடப் புத்தகப் படம் மனுஷ எலும்பு, உங்க தட்டுல இருக்கறது வேற ஜீவன்.

படி 4: சாம்பிள் தயார் பண்றது

மனுஷ எலும்புன்னா மொதல்ல முறையான அனுமதி, அதுல பேச்சுக்கே எடமில்ல. மத்தது எல்லாம் பின்னாடி அந்த எலும்ப என்ன பண்ணப் போறீங்கங்கறத பொறுத்தது. ஸ்கேனுக்கு அப்புறம் திசு வெட்டி பார்க்கணும்னா நியூட்ரல் பஃபர் போட்ட 10 சதவீத ஃபார்மலின்ல ஒரு நாள் ரெண்டு நாள் வச்சுட்டு 70 சதவீத எத்தனாலுக்கு மாத்திடுங்க. ஃபார்மலின்ல மாசக்கணக்கா விட்டா அது மெல்ல அமிலமாகி மினரல கரைக்க ஆரம்பிக்கும், படி 1 வினிகர் பாட்டில நெனச்சுக்கங்க. ஒடைச்சுப் பார்த்து பலம் அளக்கணும்னா ஃபார்மலின் கிட்டயே போகாதீங்க, சலைன்ல நனைச்ச காஸ் துணியில சுத்தி மைனஸ் 20-ல ஃப்ரீசர்ல வைங்க. டீகால்சிஃபை, அதாவது மினரல கரைச்சு எடுக்கற திட்டம் இருந்தா ஸ்கேன முடிச்சுட்டு தான் அது, மினரல் போன எலும்பு எக்ஸ்ரேவுக்கு தெரியாது. சிரிக்காதீங்க, முறைய மாத்தி பண்ணி மொத்த பேட்ச்சையும் காலி பண்ணவங்கள நான் பார்த்திருக்கேன்.

இப்ப தண்ணி பழிவாங்குன கதை. என்னோட மொத ஸ்கேன்ல எலும்ப ஈரமா டியூப்ல நிக்க வச்சேன், மூடி சரியா போடல, சுத்தி பஞ்சு வைக்கல. ரெண்டு மணி நேர ஸ்கேன்ல எலும்பு காய்ஞ்சு இத்துனூண்டு சுருங்கி, கூடவே லேசா சாய்ஞ்சும் போச்சு. படத்துல பார்த்தா ஒவ்வொரு டிரபெகுலாவுக்கும் ரெட்டை ஓரம், பேய்ப்படம் மாதிரி. மெஷின் கோளாறுன்னு ரெண்டு நாள் சண்டை போட்டேன். தப்பு டியூப்ல. அதனால எலும்பு ஆடாம இருக்க சுத்தி ஃபோம் வைங்க, ஈரம் போகாம மூடிய பாராஃபிலிம்ங்கற மெழுகுத் தாள் போட்டு சுத்துங்க, எல்லா சாம்பிளையும் ஒரே திரவத்துல ஸ்கேன் பண்ணுங்க. பாதி சாம்பிள் காத்துல, பாதி எத்தனால்ல எடுத்தீங்கன்னா சாம்பல் நெற அளவே மாறிப்போகும், ரெண்டையும் ஒப்பிட முடியாது.

படி 5: மெஷின்ல என்ன போடணும்

வாக்ஸல்ங்கறது பிக்ஸலுக்கு முப்பரிமாண அண்ணன், ஒரு குட்டி கனசதுரம். நீங்க அளக்கப் போற மிகச் சின்ன சமாச்சாரத்துக்கு குறுக்க குறைஞ்சது 2 வாக்ஸலாவது வரணும்னு வழிகாட்டுதல் சொல்லுது, என்னைக் கேட்டா 4, 5 வந்தா தான் ராத்திரி தூக்கம் வரும். எலி டிரபெகுலா 40 மைக்ரான்னா 10 மைக்ரான் வாக்ஸல் சரி. மனுஷ எலும்புக்கு 20, 30 கூட தாராளம். அப்ப எல்லாத்தையும் 2 மைக்ரான்ல எடுத்துட்டா என்னன்னு தோணும். வாக்ஸல பாதியாக்குனா டேட்டா 8 மடங்கு, நேரமும் எகிறும், கூடவே பார்க்குற பரப்பும் சுருங்கும். ஒரு பக்கத்துக்கு 2000 வாக்ஸல் இருக்கற 16 பிட் கனசதுரம் ஒண்ணே 16 ஜிபி, பத்து சாம்பிள்னா பெருக்கிப் பாருங்க. அதோட வாக்ஸல் அளவும் ரெசல்யூஷனும் ஒண்ணு இல்ல, வாக்ஸல் 5 மைக்ரான்னு மெஷின் காட்டுனா 5 மைக்ரான் விஷயம் பிரிஞ்சு தெரியும்னு அர்த்தம் இல்ல.

வோல்டேஜ் சின்ன எலும்புக்கு 50-ல இருந்து 70 கிலோவோல்ட்டுக்குள்ள வைக்கறது வழக்கம், எக்ஸ்ரே வர்ற வழியில அரை மில்லிமீட்டர் அலுமினியம் ஃபில்டர். அந்த ஃபில்டர் எதுக்குன்னா, எக்ஸ்ரே கற்றையில பலம் கம்மியானதும் அதிகமானதும் கலந்து இருக்கும், பலம் கம்மியானத எலும்போட வெளிப்பக்கமே முழுங்கிடும், உள்ள போறது பலமானது மட்டும், அதனால கணக்கு கொழம்பி ஓரம் வெளுப்பாவும் நடு கறுப்பாவும் தெரியும். இதைப் பார்த்துட்டு "எலும்போட வெளிப்பக்கத்துல மினரல் ஜாஸ்தி"ன்னு கண்டுபிடிப்பு எழுதிடாதீங்க. ஃபில்டர் போட்டா அந்த பலம் கம்மியானத முன்னாடியே வடிகட்டிடலாம். படத்துல வட்ட வட்டமா மோதிரம் தெரிஞ்சா அது டிடெக்டர் பிக்ஸல் கோளாறு, ஃப்ளாட் ஃபீல்ட், அதாவது சாம்பிள் வைக்காம எடுக்கற வெறும் படம், புதுசா எடுத்துட்டு மறுபடி பாருங்க.

மினரல் அடர்த்தி எண்ணா வேணும்னா, அளவு தெரிஞ்ச ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பு மினரல் வகையைச் சேர்ந்தது) கட்டைகள், அதாவது ஃபேன்டம், அதே செட்டிங்ல அதே திரவத்துல ஸ்கேன் பண்ணியே ஆகணும். ஃபேன்டம் இல்லாம வர்ற சாம்பல் அளவு வெறும் சாம்பல் அளவு தான். செட்டிங் ஒரு தடவ முடிவு பண்ணிட்டா கடைசி சாம்பிள் வரைக்கும் கைவைக்காதீங்க.

படி 6: 3டி பட்டன அமுக்காதீங்க, ஸ்லைஸ பாருங்க

படம் கணக்கு போட்டு வந்ததும் கை தானா 3டி பட்டனுக்கு போகும். வேணாம். மொதல்ல ஸ்லைஸ் ஸ்லைஸா, அதாவது ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படமா, மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டிப் பாருங்க, ரெட்டை ஓரம் இருக்கா, மோதிரம் இருக்கா, காத்துக் குமிழ் இருக்கா, எலும்பு பாதியில வெட்டுப்பட்டு போயிருக்கா. 3டி படம் எல்லா அழுக்கையும் மறைச்சு வழவழன்னு காட்டும், மேக்கப் போட்ட மொகம் மாதிரி. அது கடைசியில போஸ்டருக்கு.

படி 7: த்ரெஷோல்ட், அதாவது எது எலும்புன்னு நீங்க தீர்ப்பு சொல்ற எடம்

சாம்பல் படத்துல இந்த அளவுக்கு மேல வெளுத்தது எலும்பு, கீழ இருக்கறது மஜ்ஜைன்னு ஒரு கோடு போடணும். கேக்க சின்ன விஷயம், ஆனா மொத்த முடிவும் இதுல தான் தொங்குது. டிரபெகுலா ஓரத்துல இருக்கற வாக்ஸல் பாதி எலும்பு பாதி மஜ்ஜை, அதோட சாம்பல் அளவும் நடுவாந்தரம் தான். 40 மைக்ரான் கம்பிக்கு குறுக்க 4 வாக்ஸல் தான்னா, அதுல ரெண்டு ஓர வாக்ஸல். கோட்ட கொஞ்சம் மேல ஏத்துனா ரெண்டும் போயி கம்பி பாதியாகிடும், கீழ எறக்குனா தடிச்சிடும். எலும்பு மாறல, உங்க கோடு மாறுச்சு.

நான் புதுசுல ஒவ்வொரு சாம்பிளுக்கும் கண்ணால பார்த்து "இது நல்லா இருக்கு"ன்னு தனித்தனியா போட்டேன். எது எந்த குரூப்னு எனக்கு தெரியும் வேற. ரெண்டு குரூப்புக்கும் நடுவுல சூப்பரா வித்தியாசம் வந்துச்சு, சந்தோஷம் தாங்கல. கூட இருந்த ஒருத்தர் ஃபைல் பேரெல்லாம் மறைச்சு வச்சு மறுபடி போடுன்னாரு, வித்தியாசம் மாயமாப் போச்சு. அன்னிக்கு சாப்பாடு எறங்கல.

அதனால ஒரே ஸ்டடிக்கு ஒரே த்ரெஷோல்ட், நாலஞ்சு சாம்பிள்ல சோதிச்சு முடிவு பண்ணிட்டு எல்லாத்துக்கும் அதையே போடுங்க. 1979-ல வந்த ஓட்சு முறை மாதிரி தானா கோடு போடறதும் இருக்கு, ஆனா அது ஒவ்வொரு படத்துக்கும் வேற வேற எடத்துல போடும், மினரல் அளவே மாறியிருக்கற குரூப்புகள்ல அது ஏமாத்திடும். எது போட்டாலும், கோடு போட்ட படத்த மூலப்படம் மேல வச்சு ஸ்லைஸ் ஸ்லைஸா ஒப்பிட்டுப் பாருங்க, வேற குறுக்கு வழி கெடையாது.

படி 8: எங்க அளக்கணும், என்ன அளக்கணும்

நீள எலும்புன்னா வளர்ச்சித் தகட்ட (எலும்பு நீளமா வளர்ற எடத்துல இருக்கற குருத்தெலும்பு) அடையாளமா வச்சு, அதுக்கு கொஞ்சம் தள்ளி ஆரம்பிங்க, ஒட்டியே இருக்கறது இப்ப தான் உருவான பிஞ்சு எலும்பு, அதைக் கலந்தா எண் தாறுமாறா வரும். எவ்ளோ தள்ளி, எவ்ளோ உயரம்ங்கறத எலும்போட நீளத்துல இத்தனை சதவீதம்னு வைங்க, ஏன்னா குட்டை எலும்புல 2 மில்லிமீட்டரும் நெட்டை எலும்புல 2 மில்லிமீட்டரும் ஒரே எடம் இல்ல.

எண்ணுன்னு வந்தா மெனுவுல இருபது முப்பது இருக்கும். நாலு போதும் ஆரம்பத்துக்கு. மொத்தத்துல எலும்பு எத்தனை பங்கு, பிவி/டிவின்னு சொல்றது. டிரபெகுலா தடிமன், இதை இப்ப எப்படி கணக்கு போடறாங்கன்னா எலும்புக்குள்ள எந்த எடத்துலயும் அடங்குற மிகப் பெரிய உருண்டைய பொருத்திப் பொருத்தி அதோட விட்டத்த எடுக்கறாங்க, ஹில்டிபிராண்டும் ரூயெக்செக்கரும் 1997-ல சொன்ன வழி, தகடா கம்பியான்னு ஊகமே வேணாம். அதே உருண்டைய காலியான எடத்துல பொருத்துனா இடைவெளி. நாலாவது, எவ்ளோ எடத்துல ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்குங்கற இணைப்பு அடர்த்தி. இதுல ஒரு எச்சரிக்கை, மிதக்குற துண்டு துணுக்கு இரைச்சல் எல்லாம் இந்த எண்ண அடியோட கெடுத்துடும், அளக்கறதுக்கு முன்னாடி தனியா மிதக்குறத எல்லாம் துடைச்சிடணும். எஸ்எம்ஐன்னு ஒண்ணு இருக்கும், தகடா கம்பியான்னு ஒரே எண்ல சொல்றேன்னு வரும், குழிவான பரப்பு ஜாஸ்தி இருக்கற அடர்த்தியான எலும்புல அது தப்பா காட்டும். நான் அதை எடுக்கறதையே விட்டுட்டேன்.

பல்லு, ஓடு, சிப்பி எல்லாம் எடுத்தா

பல்லுக்கு இதே படிகள் தான், ஆனா எனாமல் எடையில 95 சதவீதத்துக்கு மேல மினரல், எக்ஸ்ரேவ அப்படி முழுங்கும், அதனால வோல்டேஜ் ஏத்தி தடிமனான ஃபில்டர் போடணும், இல்லன்னா ஓரம் வெளுக்குற கோளாறு அப்பட்டமா தெரியும். அதுக்குள்ள இருக்கற டென்டின் எலும்பு மாதிரி தான், அதுல மைக்ரான் கணக்குல வாய்க்கால்கள் ஓடும், மேசை மெஷின்ல அவ்ளோவா பிரியாது. எனாமலுக்கும் டென்டினுக்கும் தனித்தனி த்ரெஷோல்ட். எனாமல கட்டுன செல்கள் பல்லு வெளிய வர்றதோட போயிடும், அதனால அதுல தானா ரிப்பேர் நடக்காது, ஒரு கீறலப் பார்த்தா அது என்னிக்கு விழுந்ததோ அன்னியில இருந்து அங்கயே இருக்கு.

சிப்பியோட உள்பக்க பளபளப்பு அரை மைக்ரான் தடிமன் இருக்கற அரகோனைட்ங்கற கால்சியம் கார்பனேட் ஓடுகள செங்கல் மாதிரி அடுக்குனது, அதை மைக்ரோ சிடில தேடி கண்ண கெடுத்துக்காதீங்க, ஒடைச்ச முகத்த எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாருங்க.

மெஷினே இல்லையா?

பரவால்ல, கத்துக்க மெஷின் வேணாம். மார்ஃபோசோர்ஸ்ங்கற தளத்துல அருங்காட்சியகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும் போட்ட எலும்பு ஸ்கேன்கள் ஏராளம், சிலது அனுமதி கேட்டு வாங்கணும், சிலது நேரா டவுன்லோட் ஆகும். கூடவே வர்ற விவரத்துல வாக்ஸல் அளவு, வோல்டேஜ், ஃபில்டர் இருக்கும், அதை படிக்காம ஃபைல தொறக்காதீங்க. ஃபிஜின்னு இலவச சாஃப்ட்வேர், அதுக்குள்ள எலும்புக்குன்னே போன்ஜேன்னு ஒரு பிளகின், 2010-ல இருந்து இருக்கு, சொன்ன நாலு எண்ணும் அதுல எடுக்கலாம். சுத்தி திருப்பிப் பார்க்க 3டி ஸ்லைசர், அதுவும் இலவசம். மொத நாளே முழு மண்டையோட்ட எறக்கி கம்ப்யூட்டர தொங்க விடாதீங்க, முதுகெலும்பு ஒண்ண எடுத்து அதுல நடுவுல 200 வாக்ஸல் கனசதுரம் மட்டும் வெட்டிக்கிட்டு அதுல ஏழாவது எட்டாவது படிய அஞ்சாறு தடவ பண்ணிப் பாருங்க, த்ரெஷோல்ட்ட வேணும்னே ஏத்தி எறக்கி எண் எப்படி ஆடுதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க.

அப்படி பண்றப்ப டிரபெகுலா தடிமன் 5.2-ன்னு வந்தா "அஞ்சு மைக்ரானா, எலும்பு இவ்ளோ மெல்லிசா"ன்னு பதறாதீங்க, எனக்கு வாரத்துக்கு ஒருத்தர் இதைக் கேட்டு எழுதறாங்க. அது பிக்ஸல் கணக்கு. ஃபிஜில இமேஜ் மெனுவுக்குள்ள ப்ராப்பர்ட்டீஸ் தொறந்து அகலம், உயரம், ஆழம் மூணுலயும் வாக்ஸல் அளவையும் மைக்ரான்ங்கற அலகையும் போட்டுட்டு மறுபடி ஓட்டுங்க.